ஃபிரேம் வாங்கப் போகும் தம்பிக்கு

ஒரகடத்தில் ஷிஃப்டு பார்த்துச் சேர்த்த பணத்தில் டூரிங் சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறாய். ஸ்டீல் ஃபிரேம்தான் என்பதில் உனக்குச் சந்தேகம் இல்லை. எந்த ஸ்டீல் ஃபிரேம் என்பதில்தான் தூக்கம் கெடுகிறது. குழாய், தீ, பித்தளை என்றே என் வேலைக்காலம் கழிந்தது. ஓய்வு பெற்று வாலாஜாபாத்துக்கு வந்த பிறகும், தெருவில் ஒரு சைக்கிள் போனால் என் கண் முதலில் அதன் மூட்டுகளைத்தான் தேடும். தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. எங்கே போகப் போகிறாய், என்ன ஏற்றப் போகிறாய் என்று முதலில் உனக்கே உண்மையைச் சொல்லிக்கொள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் போய், குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டுத் திரும்ப ஒரு ஃபிரேம். கூடாரம், அடுப்பு, மாற்றுத்துணி என்று இருபது கிலோவைக் கட்டிக்கொண்டு கன்னியாகுமரி போக வேறொரு ஃபிரேம். சர்லி என்ற அமெரிக்கக் கம்பெனி செய்த இரண்டு ஃபிரேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். கிராஸ் செக் என்பதில், பெடல் சுற்றும் பி.பி. ஆக்சிலிலிருந்து பின்சக்கர ஆக்சில் வரை 425 மில்லிமீட்டர். லாங் ஹால் டிரக்கரில் 460. இந்த மூன்றரை சென்டிமீட்டர் செய்கிற வேலை கொஞ்சமில்லை. பின்னால் தொங்கும் பையில் குதிகால் இடிக்காது. பாரம் பின்னுக்குச் சாயாமல் பின்சக்கர ஆக்சிலுக்கு முன்னால் உட்காரும். மேடு ஏறும்போது முன்சக்கரம் அலையாது. ஆனால் பாரமே இல்லாமல் அதை ஓட்டினால் திரும்புவதில் நிதானம்தான் தெரியும், துள்ளல் தெரியாது. நம் உறவில் ஒரு பையன் லடாக் போகிற கனவில் மிகக் கனமான ஃபிரேமாகப் பார்த்து வாங்கினான். போனதெல்லாம் காஞ்சிபுரம் வரைதான். ஒவ்வொரு முறையும் சைக்கிள் இழுக்கிறது என்று குறைப்பட்டு, கடைசியில் அதை மாடிப்படிக்குக் கீழே சாத்திவிட்டான். கனவு இருக்கட்டும் தம்பி. ஃபிரேமை மட்டும் அடுத்த இரண்டு வருஷத்தில் நீ நிஜமாகவே போகிற சாலைக்கு வாங்கு.

2. உன் உடம்பை அளக்க வெட்கப்படாதே. குரங்கு பெடல் அடித்துக் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். பாருக்கு அடியில் காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, அப்பாவின் 22 அங்குல சைக்கிளை ஓட்டினோம். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பெரிய ஃபிரேமில் உட்கார்ந்தால்தான் கம்பீரம் என்று நினைக்கிற பிள்ளைகளை இன்னும் பார்க்கிறேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகு ஒட்டி நில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் காலிடுக்கில் நன்றாக மேலே அழுத்தி, அதன் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் கோடு போடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் உன் காலளவு. அதை 0.88ஆல் பெருக்கு. பி.பி. ஆக்சிலின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வேண்டிய உயரம் ஏறக்குறைய வந்துவிடும். காலளவு 78 சென்டிமீட்டர் என்றால் 69. அதற்குப் பிறகு அரை சென்டிமீட்டர் ஏற்றுவதும் இறக்குவதும் உன் முழங்கால் சொல்கிறபடி. பாரின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் மூன்று, நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பாரம் கட்டிய வண்டியில் அவசரமாகக் கால் ஊன்றும்போது அதன் அருமை தெரியும்.

3. ஃபிரேமில் 52, 54 என்று ஒட்டியிருக்கும் எண் பெரும்பாலும் சீட் குழாயின் உயரம். நீ அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது பாரின் நீளத்தை. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். பாரை நீட்டவும் முடியாது, குறுக்கவும் முடியாது. பார் சரிவாக இருந்தால் கிடைமட்டமாக எவ்வளவு என்று கேள். அது நீளமாகிவிட்டால் கை மரத்துப் போகும், பிடரி வலிக்கும், உள்ளங்கையில் எல்லா பாரமும் இறங்கும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கிற வரை இது தெரியாது. கடைவாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பணத்தை எடுக்காதே. குள்ளமான பிள்ளை என்றால் இன்னொன்றும் பார்: 700சி சக்கரம் போட்ட சின்ன ஃபிரேமில், ஹேண்டிலை ஒடிக்கும்போது கால்விரல் முன்சக்கரத்தில் தட்டும். அதனால்தான் லாங் ஹால் டிரக்கரின் சிறிய அளவுகளை 26 அங்குலச் சக்கரத்துக்கென்று செய்தார்கள்.

4. அடுத்தவன் ஓட்டுகிற விதத்தை உன்னுடையதாக எண்ணிக்கொள்ளாதே. ரேண்டனர்ஸ் நடத்தும் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில் முடிக்க வேண்டும்; 600 என்றால் 40 மணி நேரம். அதற்குப் போகிறவன் ஒரு சின்னப் பையோடு குனிந்து, வேகமாகப் பெடல் சுற்றுவான். அவனுக்கு மெல்லிய குழாய் ஃபிரேம் இதமாக இருக்கும். மிதிக்கு மிதி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நீயோ நிமிர்ந்து உட்கார்ந்து, ஏரிக்கரை கண்டால் நிறுத்தி, மர நிழலில் பேச்சுக் கொடுக்கிறவன். தென்னேரிக் கரையில் நீ நின்ற நேரத்தை நானே பார்த்திருக்கிறேன். உனக்கு முன்குழாய் 71, 72 டிகிரியில் சாய்ந்த, ஹேண்டில் உயர்ந்த ஃபிரேம் பொருந்தும். பந்தய சைக்கிளில் அது 73, 74 டிகிரி. நினைத்த மாத்திரத்தில் திரும்பும், ஆனால் பைகளைத் தொங்கவிட்டால் நேராகப் போக உன்னை ஓயாமல் வேலை வாங்கும். இதில் உயர்வு தாழ்வு கிடையாது. தன் இயல்பை ஒத்துக்கொள்கிறவனுக்குத்தான் சைக்கிள் சுகம் கொடுக்கும்.

5. ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதே, குழாயைப் புரிந்துகொள். சாதாரண ஸ்டீல், குரோமோலி, பேர்பெற்ற ரெனால்ட்ஸ் எல்லாமே எடையில் ஒன்று, விறைப்பிலும் ஒன்று. ஒரே அளவில் மூன்று குழாய் செய்து வளைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே அளவுதான் வளையும். வித்தியாசம், எந்தக் கட்டத்தில் திரும்பி வராமல் கோணிப்போகும் என்பதில் இருக்கிறது. குரோமியமும் மாலிப்டினமும் கொஞ்சம் சேர்ந்த 4130 ஸ்டீல் அதிகம் தாங்கும். தாங்குவதால் சுவரை மெல்லியதாக இழுக்கலாம். மெல்லியதாக இழுப்பதால் ஃபிரேம் இலேசாகும். இவ்வளவுதான் அதன் ரகசியம். விறைப்பு வேண்டுமென்றால் குழாயின் குறுக்களவைத்தான் கூட்ட வேண்டும். பாரின் குழாய் 25.4 மில்லிமீட்டரிலிருந்து 28.6க்குப் போனால், அதே தடிமனில் விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். பாரம் ஏற்றும் டூரிங் ஃபிரேமுக்கு அந்தப் பருத்த குழாய்தான் ஏற்றது. பாரமில்லாமல் போகிறவனுக்கு அது முரட்டுத்தனமாகத் தெரியும்.

மூட்டு விழும் இரண்டு முனையிலும் தடித்து, நடுவில் மெலிந்த குழாயைப் 'பட்டட்' என்பார்கள். 0.9, 0.6, 0.9 என்று மூன்று எண் போட்டிருந்தால் அதுதான். பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த ரெனால்ட்ஸ் குடும்பத்துக்காரர் 1897இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு 1935இல் அவர்களுடைய 531 குழாய் வந்தது. அது நமக்கு அவ்வளவு தூரத்துச் சங்கதியும் இல்லை. அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்போர்டு ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்த ஸ்டெட்போர்டு தலைமை வகித்த இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு கைகோத்துத்தான் முருகப்பா குழுமம் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ரெனால்ட்ஸும் 1928 முதல் அதே இங்கிலாந்துக் குழுமத்தில்தான் இருந்தது. உன் தாத்தா மூட்டை ஏற்றிய ஹெர்குலிஸும், வெள்ளைக்காரன் பந்தயத்தில் ஓட்டிய 531 ஃபிரேமும் ஒரே கூரைக்குக் கீழ்ப்பட்டவை. ஸ்டிக்கர் இல்லாத ஃபிரேமை அலட்சியமாகப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த நினைப்புதான் வரும்.

6. பொறுமையாகச் செய்த மூட்டைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள். நான் வேலை பழகியது அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில், ஒரு மேஸ்திரியிடம். குழாயை லக் என்ற மூட்டு உறைக்குள் செருகி, வெங்காரம் பூசி, தீயைக் காட்டுவார். எடுத்ததும் பித்தளைக் கம்பியைத் தொடவே மாட்டார். இரும்பு கருத்து, பிறகு சிவக்கத் தொடங்கும். வெங்காரம் முதலில் பொரிந்து, பிறகு உருகித் தெளியும். 900 டிகிரியை நெருங்கியது என்று அவருடைய கண்ணுக்குத் தெரிந்ததும் கம்பியின் நுனியை லக்கின் விளிம்பில் லேசாக வைப்பார். தீயில் உருகக் கூடாது, இரும்பின் சூட்டில் உருக வேண்டும் என்பார். உருகிய பித்தளை சூடு இருக்கும் பக்கம் தானாக ஓடும். எதிர் விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு வந்து நின்றால் உள்ளே முழுக்கப் பாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அவசரக்காரன் கையில் பித்தளை மேலேயே கட்டியாக நிற்கும். பயந்தவன் கையில் இரும்பு அளவுக்கு மீறி வெந்துவிடும். பாதி மூட்டில் சாப்பாட்டு மணி அடித்தால் அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இன்றைய டூரிங் ஃபிரேம்களில் பெரும்பாலும் லக் கிடையாது, டிக் வெல்டிங்தான். அதுவும் உறுதியானதே. அலைகள் ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில், குழாயின் ஓரத்தை அரிக்காமல் போகிறதா என்று விரலால் தடவிப் பார். பி.பி.க்கு அடியிலும், பின்சக்கரம் மாட்டும் டிராப்அவுட்டிலும் பார்; யாரும் பார்க்காத இடத்தில் ஒருவன் எப்படி வேலை செய்திருக்கிறான் என்பதிலிருந்து மீதியைத் தெரிந்துகொள்ளலாம்.

7. ஊர் சைக்கிளை இழிவாகப் பேசாதே. பால் கேன், நெல் மூட்டை, கேஸ் சிலிண்டர், இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடம் என்று நம் ஊரில் அது சுமக்காதது எது? குழாய் தடித்த சாதாரண ஸ்டீல், சக்கரங்களுக்கு நடுவே நல்ல நீளம், நன்றாகச் சாய்ந்த முன்குழாய். முழு வண்டியும் இருபது கிலோவை ஒட்டி வரும். டூரிங் ஃபிரேமுக்கு இன்றைக்கும் சொல்லப்படும் குணங்களில் பாதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. கியர் இல்லை, மழையில் ராடு பிரேக் பிடிக்காது என்பவைதான் அதன் குறைகள்.

புதுக்கோட்டையை நினைத்துப் பார். 1991 வாக்கில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பிறகு அதையே விரும்பவும் செய்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். கட்டுமானக் கணக்கும் அந்தப் பெண்களின் பக்கம்தான். பார் உயரத்தில் இருந்தால் ஃபிரேம் முக்கோணமாக இறுகி நிற்கும். பாரைத் தாழ்த்தினால் முறுக்கம் கூடும், அதை ஈடுகட்டக் குழாயைத் தடிப்பாக்க வேண்டியிருக்கும். அதே சமயம், புடவையோடு ஏறுகிறவருக்கும், முழங்கால் மடங்காத பெரியவருக்கும் தாழ்ந்த பார்தான் சரி. யார் ஏறப் போகிறார்கள், எதைச் சுமக்கப் போகிறார்கள் என்று கேட்காமல் எது சிறந்த ஃபிரேம் என்று யாராவது சொன்னால், மரியாதையாகக் கேட்டுவிட்டு வந்துவிடு.

8. பழைய ஃபிரேம் வாங்கத் தயங்க வேண்டாம்; நூல் பிடித்துப் பார்க்காமல் வாங்கவும் வேண்டாம். பின்சக்கரத்தைக் கழற்று. ஒரு டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு டிராப்அவுட்டில் இழுத்துக் கட்டு. சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் அளந்து பார். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விட்டுவிடலாம். மூன்று, நாலு என்றால் அந்த ஃபிரேம் எங்கோ விழுந்திருக்கிறது. அடுத்து, முன்குழாய்க்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டு. நேராகப் போய் மோதிய ஃபிரேமில் அங்கே பெயிண்ட் சுருங்கி, ஒரு மெல்லிய மேடு தட்டுப்படும். விற்கிறவர் முகம் பார்க்க வருத்தமாக இருக்கிறது என்பதற்காக அதை வாங்காதே. இரக்கப்பட்டால் டீ வாங்கிக் கொடு.

9. சின்னச் சின்ன ஓட்டைகளை எண்ணிப் பார். கேரியர் மாட்ட டிராப்அவுட்டில் திருகு போட்ட துளை, மட்கார்டுக்குத் தனித் துளை, ஃபோர்க்கின் நடுவில் முன்கேரியருக்குத் துளை, மூன்று பாட்டிலுக்கு இடம். டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையில் மட்கார்டு போட்ட பிறகும் விரல் நுழைய வேண்டும். பின்சக்கரத்துக்கு 36 ஸ்போக்ஸ் கேள். டயர் விஷயத்தில் ஒன்று: ஊர் சைக்கிளின் 28 அங்குல ரிம் 635 மில்லிமீட்டர், 700சி ரிம் 622. பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒன்றின் டயர் மற்றதற்கு ஏறாது. சின்ன ஊர்க் கடைகளில் 28ம் 26ம் கிடைக்கும். 700சி கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதே.

10. பாரத்தைக் கட்டி, ஓட்டிப் பார்த்து, பாதியை இறக்கு. பைகளில் அரிசியும் தண்ணீர் பாட்டிலும் நிரப்பிக்கொண்டு ஒரு காலை ஓட்டு. வண்டலூர் சாலை வேண்டாம். கன்டெய்னரும் ஜல்லி டிப்பரும் ஓடுகிற இடத்தில் புது ஃபிரேமைச் சோதிக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் குறைந்த கிராமத்துச் சாலையில் இறக்கம் பார்த்து விடு. ஒரு வேகத்தில் ஹேண்டில் தானாக ஆடத் தொடங்கினால் பதறிப் பிரேக் அடிக்காதே. முழங்காலைப் பாரில் அணைத்துக்கொண்டு, பிடியைத் தளர்த்தி, மெல்ல வேகத்தைக் குறை. பின்பாரத்தில் கொஞ்சத்தை முன்னால் மாற்று, பையை இறுக்கிக் கட்டு. அப்படியும் ஆடினால் அந்தப் பாரத்துக்கு அந்தக் குழாய் மெல்லியது. பாரத்தைக் குறைக்க வேண்டியதுதான். அதற்காகப் பயணத்தையே விட்டுவிடாதே. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூன்று பேர் பாலைவனமும் மலையும் கடந்து, ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் ஓட்டி, 1928இல் ஊர் திரும்பினார்கள். அவர்கள் கிளம்பியபோது ரெனால்ட்ஸ் 531 வருவதற்கே இன்னும் 12 வருஷம் இருந்தது. எந்தக் குழாய் என்ற கவலையில் உன் முதல் பயணம் தள்ளிப்போகும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்.

11. ஸ்டீல் ஃபிரேமுக்கு எதிரி துருதான், அதுவும் உள்பக்கத்திலிருந்து வரும். மழையில் சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் பி.பி.யில் போய்த் தங்கும். அதன் அடியில் வடிகால் துளை இருக்கிறதா பார். இருந்தால் சேறு அடைக்காமல் வைத்துக்கொள். வருஷத்துக்கு ஒருமுறை ஓவராயில் பண்ணும்போது குழாய்களுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஃபிரேமைப் புரட்டிப் புரட்டி எங்கும் படிய வை. ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பாய் அல்லவா, அன்றைக்கே மூட்டு மூட்டாகப் பார்த்துவிடு. டிராப்அவுட், ஃபோர்க்கின் தலை, கீழ்க் குழாயின் அடி, சீட் குழாயின் உச்சி: இந்த நாலு இடத்தில் எங்காவது மயிரிழைக் கோடு தெரிந்தால் பெயிண்டைச் சுரண்டிப் பார். கோடு உலோகத்திலும் இருந்தால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிடு. மெல்லிய குழாயை ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். அதனால் கேஸ் வைத்துப் பித்தளை ஒட்டு போடத் தெரிந்த பட்டறையாகத் தேடிக் கொண்டுபோ. கிடைக்காவிட்டால் என்னிடம் கொண்டு வா. கை நடுக்கம் வந்துவிட்டது, ஆனால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க முடியும்.